அசைய அஞ்சும் உடல்

எலும்பு கூடுவதும் மனிதர் நடப்பதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவரின் எக்ஸ்ரே படத்தில் முறிவு நன்றாகப் பொருந்திவிட்டது தெரிந்த பின்னும், அவர் மாதக்கணக்கில் வாக்கரை விடாமல் பற்றிக்கொண்டு படுக்கைக்கும் குளியலறைக்கும் இடையே மட்டும் நடமாடுவது மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவுகளில் அன்றாடம் காணக்கூடியது. பக்கவாதத்துக்குப் பின் விரல்களில் ஓரளவு வலு திரும்பியும் அந்தக் கையை மடியிலேயே கிடத்தி வைத்திருப்பவர்களும், முதுகுவலி தணிந்தும் குனிய மறுப்பவர்களும் இதே வகையினர். உடற்காரணம் வேறெதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின்னும் இவர்கள் தயங்கி நிற்கையில், சோம்பல் என்று வீட்டாரும், ஒத்துழைப்பு இல்லை என்று சில வேளைகளில் மருத்துவப் பணியாளர்களும் சொல்லிவிடுகின்றனர். அசைந்தால் என்ன ஆகுமோ என்று இவர்கள் கொண்டிருக்கும் எண்ணமே பெரும்பாலும் இவர்களைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த எண்ணத்தை அளந்து, சோதித்து, மாற்றும் முறைகளை உடற்பயிற்சியோடு பின்னிச் செய்வதே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் துணையோடு நடைபெறும் உடல் மறுவாழ்வு.

ஒரு நிகழ்வைப் பற்றி மனிதர் எண்ணும் விதம் அவருடைய உணர்ச்சியையும், உணர்ச்சி அவருடைய செயலையும், செயல் மீண்டும் அவருடைய எண்ணத்தையும் பாதிக்கிறது என்பதும், இந்தச் சுழலில் எண்ணத்தையோ செயலையோ மாற்றினால் மற்றவையும் மாறத் தொடங்கும் என்பதும் இச்சிகிச்சையின் அடிப்படை. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளுக்காக இதை வகுத்தார். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றிருந்த அவர், நோயாளிகளின் மனத்தில் கணநேரத்தில் தோன்றி மறையும் தன்னிச்சையான எண்ணங்களை அவர்களே தாளில் எழுதிப் பார்த்து, ஆதாரம் உண்டா என்று ஆராயும்போது நோயின் பிடி தளர்வதைக் கண்டார். குழந்தைப் பருவத்தை ஆண்டுக்கணக்கில் அகழ்வதற்கு மாறாக, இன்றைய ஒரு குறிப்பிட்ட இடர்ப்பாட்டை எடுத்துக்கொண்டு, எண்ணிச் சொல்லக்கூடிய அமர்வுகளில், வீட்டுப்பாடங்களோடு முடிப்பது இதன் இயல்பு. இந்த வடிவம் உடற்பயிற்சித் திட்டத்தின் வடிவத்தோடு ஒத்துப்போவதால், இரண்டையும் இணைப்பது எளிதாகிறது.

இந்த இணைப்பைப் பற்றி எண்ணிப் பார்க்கக் கொல்கத்தா பொருத்தமான நகரம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916ஆம் ஆண்டிலேயே உளவியலுக்குத் தனித் துறை அமைந்தது, கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை அந்நகரில் நிறுவினார், இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று அறியப்படும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் 1933இல் அவர் தொடங்கிய மனநலப் புறநோயாளிப் பிரிவு, இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் மனநலப் பிரிவாகக் கருதப்படுகிறது. உடல் மறுவாழ்வுக்கான மைய அரசின் நிறுவனம் ஒன்று 1978இல் அதே நகரின் வடபுறத்தில், பி.டி. ரோட்டிலுள்ள பன்ஹூக்ளியில் உருவானது. இன்று தேசிய இயக்கக் குறைபாட்டு நிறுவனம் என வழங்கும் அது இயன்முறை மருத்துவம், ஆக்குபேஷனல் தெரபி, செயற்கை உறுப்பு ஆகிய துறைகளில் பட்டதாரிகளை உருவாக்கிவருகிறது. (தமிழ் வாசகருக்கு வேலூர் நினைவுக்கு வரக்கூடும்: 1954இல் சாலை விபத்தில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தோன்றியது.) ஆக, மனத்துக்கான கல்வியும் உடலுக்கான கல்வியும் கொல்கத்தாவில் நெடுங்காலமாகவே உள்ளன; ஆனால் இந்தியாவின் பிற நகரங்களைப் போலவே இங்கும் நோயாளி அவற்றை இரண்டு வெவ்வேறு வாசல்களில், இரண்டு வெவ்வேறு சீட்டுகளோடு தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. முட்டிக்கு ஒரு வரிசை, மனத்துக்கு இன்னொரு வரிசை என்ற பிரிவினையில் இழப்பது எது என்பதை அறிய, வலியும் அச்சமும் சேர்ந்து இயங்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

காயம்பட்ட இடத்திலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி அப்படியே மூளைக்குச் சென்று வலியாக உணரப்படுகிறது என்ற பழைய கருத்தை, 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் முன்வைத்த வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாடு அசைத்தது. தண்டுவடத்தில் அச்செய்தி கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது என்றும், கவனம், பதற்றம், முன்னனுபவம் ஆகியவற்றுக்கேற்ப மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் அதில் பங்கு பெறுகின்றன என்றும் அவர்கள் கூறினர். அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும் அதன் மையக் கருத்து நிலைத்துவிட்டது. இங்கே ஒரு தவறான புரிதலை உடனே விலக்க வேண்டும்: வலியில் எண்ணத்துக்குப் பங்கு உண்டு என்பது, வலி கற்பனை என்பதாகாது. எல்லாம் மனப்பிரமை என்று நோயாளியிடம் ஒருமுறை சொல்லிவிட்ட மருத்துவமனையில் அதன்பின் எந்த உளவியல் முறையும் எடுபடாது.

நீடித்த வலியில் அச்சத்தின் பங்கை விளக்கும் சுழல் மாதிரியை யோஹான் விளாயன், ஸ்டீவன் லின்டன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். வலி தோன்றும்போது சிலர் அதைத் தற்காலிகத் தொல்லை என்று எடுத்துக்கொண்டு மெல்ல வேலைக்குத் திரும்புகின்றனர். வேறு சிலரோ, நரம்பு அறுந்துவிட்டது, இனி எழவே முடியாது என்று மிக மோசமான முடிவையே கற்பனை செய்கின்றனர். அந்தக் கற்பனை அசைவைக் குறித்த அச்சமாகவும், அச்சம் ஒதுங்குதலாகவும் மாறுகிறது. ஒதுங்குவதால் தசை மெலிந்து, மூட்டு இறுகி, மூச்சுத் திறன் குறைகிறது. அதன்பின் சிறிய வேலைகூட உண்மையிலேயே வலிக்கிறது. வலித்ததும், முதலிலிருந்த அச்சம் சரியே என்று நிரூபணமாகிவிடுகிறது. இச்சுழலின் கொடுமை, ஒதுங்கியிருப்பவருக்குத் தம் கணிப்பு பொய்த்துப்போவதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது என்பதில்தான் இருக்கிறது. அசைவச்சத்தை அளக்கும் டாம்பா அளவுகோலில் 17 கூற்றுகளும், வலியை விபரீதமாகக் கற்பனை செய்யும் போக்கை அளக்கும் சல்லிவனின் அளவுகோலில் 13 கூற்றுகளும் உள்ளன. இரண்டையும் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம்.

இத்துறையின் முன்னோடியான வில்பர்ட் ஃபோர்டைஸ், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் பணியாற்றிய உளவியலாளர் என்பது கவனத்துக்குரியது. நீடித்த வலிக்கான நடத்தைமுறைகள் மனநல விடுதியில் பிறந்து பிற்பாடு இயன்முறைக் கூடத்துக்கு இரவல் வந்தவை அல்ல. 1976இல் அவர் வெளியிட்ட நூலின் முதன்மையான கருத்துகளுள் ஒன்று, வலி வரும்வரை செய்து வலித்ததும் நிறுத்துவது என்ற வழக்கத்தைக் கைவிட்டு, முன்கூட்டியே வரையறுத்த அளவைச் செய்து முடிப்பது என்பதாகும். நோயாளி மூன்று நாட்களில் முறையே 12, 8, 10 நிமிடங்கள் நடந்தார் என்றால், சராசரியான 10 நிமிடத்தில் சற்றுக் குறைத்து 8 நிமிடத்தில் திட்டம் தொடங்குகிறது; உடல் நன்றாக இருக்கும் நாளிலும் 8 நிமிடத்துக்கு மேல் நடக்கக்கூடாது, சோர்ந்திருக்கும் நாளிலும் முடிந்தவரை அதைக் குறைக்கக்கூடாது; இரண்டு நாட்களுக்கு ஒரு நிமிடம் என்று அளவு கூடிக்கொண்டே போகிறது. உற்சாகத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து, மறு மூன்று நாட்கள் படுத்துவிடும் போக்கு இதனால் அடங்குகிறது. ஓய்வு வலியின் விளைவாகக் கிடைக்கும் பரிசு என்ற நிலை மாறி, செய்து முடித்த வேலையின் விளைவாகக் கிடைக்கும் பரிசாகிறது.

வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் இந்த எண்ணிக்கை நிமிடங்களில் இல்லாமல் படிகளில் அமையக்கூடும். குறுகலும் செங்குத்துமான மாடிப்படிகள், தரையில் நீர் தேங்கிய குளியலறை, ஏறி இறங்க வேண்டிய உயரமான கட்டில், முழுதாக நிற்பதற்குள் கிளம்பிவிடும் தனியார் பேருந்து ஆகியவையே அங்குள்ள மறுவாழ்வு நோயாளி உண்மையில் எதிர்கொள்ள வேண்டியவை. தரையில் சம்மணமிட்டு அமர்வதும் குந்துவதும் மேலைநாட்டு வினாத்தாள்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இங்கோ அவை பூசையோடும் உணவோடும் கழிப்பறையோடும் பிணைந்தவை. ஆகவே இலக்கு நிர்ணயிக்கும் முதல் அமர்வில், முட்டி எத்தனை பாகை மடங்க வேண்டும் என்று தொடங்குவதைக் காட்டிலும், காலையில் சந்தைக்குத் தாமே போய் மீன் பார்த்து வாங்கி வர வேண்டும், துர்கா பூசையில் பந்தலின் படிகளில் ஏற வேண்டும் என்பன போன்ற நோயாளியின் விருப்பங்களை எழுதிக்கொண்டு, அவற்றை ஏறுவரிசையில் கூறுபோடுவதே பயனுடையது. பாகைக் கணக்கு மருத்துவருக்குரியது. அதற்காக எவரும் வலியைப் பொறுத்துக்கொள்ள முன்வருவதில்லை.

வீட்டிலுள்ளோரின் பங்கையும் ஃபோர்டைஸ் தெளிவாகக் கண்டிருந்தார். முனகினால் ஓடி வந்து தாங்கும் குடும்பம், எழுந்து நின்றால் அதைக் கவனியாமல் விட்டுவிடுமானால், முனகல் வளரும், நிற்றல் தேயும். கொல்கத்தாவில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: நடுத்தரக் குடும்பங்கள் ஆயா சென்டர் எனப்படும் முகமைகள் வழியாகப் பெண் உதவியாளரை அமர்த்திக்கொள்வது அங்கு நெடுநாள் வழக்கம். ஆயாவின் நல்ல சேவை என்பது, நோயாளி கேட்குமுன்பே தண்ணீரைக் கையில் தருவதும், அவரை அசையவிடாமல் துடைத்து உடுத்திவிடுவதும்தான் என்று இருபுறமும் நம்பப்படுகிறது. இயன்முறை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் கட்டியெழுப்பியதை, அன்பு மிகுந்த பகல்பொழுது முழுவதும் இடித்துத் தள்ளிவிடுகிறது. தண்ணீர்க் குவளையைக் கட்டிலுக்கு அருகே வைக்காமல் நாலடி தள்ளி மேசையில் வைக்க ஆயாவுக்குச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. காரணத்தை விளக்காமல் சொன்னால் அது நோயாளியின் கண்ணுக்குக் கொடுமையாகப்படும் என்பதால், நோயாளியின் முன்னிலையில், அவருடைய சம்மதத்தோடு சொல்லப்பட வேண்டும்.

அச்சம் மிகுந்தவர்களுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் போதாது; அவர்களுடைய கணிப்பை நேராகச் சோதிக்க வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், முட்டியை மடக்கினால் உள்ளிருக்கும் செயற்கை மூட்டு விலகிவிடும் என்று நம்புவதாக வைத்துக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்று நூற்றுக்கு மதிப்பிடச் சொன்னால் அவர் 90 என்கிறார். சிகிச்சையாளர் அவரோடு வாதிடுவதில்லை. கட்டிலில் அமர்ந்தபடி முட்டியைச் சிறிது மடக்கி, என்ன நடக்கிறது என்று இருவருமாகப் பார்க்கின்றனர். வலி சற்றுக் கூடி, சில நிமிடங்களில் தணிகிறது, மூட்டு விலகவில்லை. மறுபடி மதிப்பிடச் சொன்னால் 90 என்பது 60 ஆகலாம். இதற்கு நடத்தைச் சோதனை என்று பெயர். கணிப்பு, செயல், விளைவு, புதிய மதிப்பீடு ஆகிய நான்கையும் நோயாளியே தம் குறிப்பேட்டில் எழுதுவது முக்கியம். பிறர் சொல்லி ஏற்ற தைரியம் மறுநாள் காலையில் வலிக்கும்போது கரைந்துவிடும், தம் கையெழுத்தில் இருக்கும் சான்று எளிதில் கரையாது. இச்சோதனை நடக்கும் இடம் உளவியலாளரின் மேசை அல்ல, இயன்முறைக் கூடத்தின் கட்டிலே என்பதால்தான், இரண்டு வாசல் ஏற்பாடு இதற்குப் பொருந்துவதில்லை.

பக்கவாதத்தில் நிலைமை மேலும் சிக்கலானது. கொல்கத்தாவில் 52,377 பேரை உள்ளடக்கி நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, பக்கவாதம் தாக்கியவர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்துவிட்டதைப் பதிவுசெய்தது. பிழைத்தவர்களைப் பின்தொடர்ந்து அதே நகரில் நடந்து 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் மனச்சோர்வைக் கண்டது. மனச்சோர்வு உற்சாகத்தை மட்டும் பறிப்பதில்லை. பயிற்சியைத் தொடங்கும் முனைப்பையும், நேற்றைக்கு இன்று மேல் என்று உணரும் ஆற்றலையும் பறித்துவிடுவதால், மூளை தன்னைத் திருத்திக்கொள்ள மிகவும் ஏற்ற தொடக்க மாதங்கள் வீணாகின்றன. இவர்களுக்குப் பொருந்துவது, எண்ணங்களை அலசுவதைக் காட்டிலும், மனம் விரும்பாத போதும் சிறுசிறு பயனுள்ள செயல்களை நேரம் குறித்துச் செய்யவைக்கும் நடத்தைத் தூண்டல் முறை என்று கருத இடமுண்டு. பிரிட்டனில் 123 பக்கவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில் வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தனிப் பயன் எதையும் காட்டவில்லை; அதே நாட்டில் பேச்சிழப்புக்கு ஆளான 105 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான மற்றொன்றில், பேச்சை அதிகம் நம்பாமல் செயலை மையமாக வைத்த நடத்தைச் சிகிச்சை மனநிலையை மேம்படுத்தியது. சொல்லை இழந்தவரிடம் சொல்லை நம்பிய சிகிச்சையைக் கொண்டுசெல்லக் கூடாது என்பது வெளிப்படையான உண்மையாகத் தோன்றினாலும், மருத்துவம் அதை மெதுவாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

பாதிக்கப்பட்ட கையை நோயாளி பயன்படுத்தாமல் விடுவதில் ஒரு பகுதி பழகிக்கொண்ட ஒதுக்கலே என்று அமெரிக்க நடத்தையியலாளர் எட்வர்ட் டவுப் கூறினார். முதல் சில வாரங்களில் கை முயன்று முயன்று தோற்றதால் மூளை அதைக் கைவிடக் கற்றுக்கொள்கிறது; பின்னர் வலு திரும்பினாலும் அந்தப் பாடம் மறப்பதில்லை. நல்ல கையில் உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, நலிந்த கையைக்கொண்டே வேலைகளைச் செய்யவைக்கும் அவருடைய முறை, 222 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில் வெற்றி கண்டது. உறையே பலரின் நினைவில் நிற்கிறது. ஆனால் நோயாளியோடு எழுத்துவடிவில் செய்துகொள்ளும் ஒப்பந்தமும், வீட்டில் கையை எதற்கெல்லாம் பயன்படுத்தினார் என்ற நாட்குறிப்பும் அம்முறையின் இன்றியமையாத பாகங்கள், அவை முழுக்க முழுக்க நடத்தைச் சிகிச்சையின் கருவிகள்.

இவ்வளவுக்கும் பயன் எத்தகையது என்பதில் மிகைப்படுத்தல் கூடாது. இங்கிலாந்தில் 701 முதுகுவலி நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள், செவிலியர் முதலியோர் நோயாளிகளைக் குழுவாக அமர்த்தி நடத்திய ஆறு அமர்வுகள், ஓராண்டுக்குப் பின்னும் நோயாளிகளின் செயல்திறனில் வெறும் ஆலோசனையைக் காட்டிலும் மிகுதியான முன்னேற்றம் தந்தன. 24 புள்ளி கொண்ட அளவுகோலில் அமர்வுகளைப் பெற்ற குழு 2.4 புள்ளியும் ஆலோசனை மட்டும் பெற்ற குழு 1.1 புள்ளியும் முன்னேறின. நீடித்த வலிக்கான உளவியல் சிகிச்சைகள் குறித்து 2020இல் வெளியான காக்ரேன் திறனாய்வு 75 ஆய்வுகளைத் தொகுத்து, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பயன் உண்மையானது, அளவில் சிறியது என்று கூறியது. மூட்டு மாற்றுக்கு முன் வலியை விபரீதமாகக் கற்பனை செய்த 402 பேரிடம் சமாளிப்புத் திறன் பயிற்சியின் பயனை ஆராய்ந்த அமெரிக்கச் சோதனை 2019இல் எந்தக் கூடுதல் பயனையும் காட்டவில்லை. அறுவை சிகிச்சையே வலியைப் பெரிதும் நீக்கிவிட்டதால் எல்லாக் குழுவினரும் ஒன்றுபோலத் தேறினர். வலியின் காரணம் விலகும்போது அச்சமும் தானே விலகுமானால் அங்கே உளவியலுக்கு அதிக வேலை இல்லை. காரணம் விலகியும் அச்சம் எஞ்சுகிற இடத்திலும், காரணத்தை முழுதாக விலக்கவே முடியாத இடத்திலும்தான் அதற்கு வேலை உண்டு. எல்லோருக்கும் கொஞ்சம் என்று பகிர்ந்து கொடுப்பதைவிட, வினாத்தாள் வழியாகவும் உரையாடல் வழியாகவும் தேவைப்படுவோரைக் கண்டறிந்து அவர்களுக்குப் போதுமான அளவு கொடுப்பதே அறிவுடைமை.

யார் கொடுப்பது என்பது இந்தியாவில் தனிக் கேள்வி. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் மருத்துவ உளவியலாளரை மறுவாழ்வுத் தொழில்முறையாளராகவே வகைப்படுத்துகிறது; எனினும் அவர்களுடைய எண்ணிக்கை தேவைக்கு மிகக் குறைவு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், மனச்சோர்வுக்கு நடத்தைத் தூண்டல் அடிப்படையிலான சிகிச்சையை வெற்றியோடு அளித்ததை 495 நோயாளிகளைக் கொண்ட சோதனை 2017இல் காட்டியது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு பெரிய இந்தியச் சோதனை, 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,250 பக்கவாத நோயாளிகளில் ஒரு பகுதியினரின் குடும்பத்தினருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியும், ஆறு மாத முடிவில் மரணமோ பிறரைச் சார்ந்திருத்தலோ குறையவில்லை என்று கண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பட்டம் இல்லாதவர் செய்யலாம் என்பதும், பயிற்சிகளின் பட்டியலைக் கையில் தருவது மட்டும் போதாது என்பதும் ஒருசேரப் புலப்படுகின்றன. கோவா ஆலோசகர்களுக்குத் தொடர்ந்த மேற்பார்வையும், வகுக்கப்பட்ட அமர்வுகளும் இருந்தன. கொல்கத்தாவின் மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவர்களுக்கே இம்முறைகளைக் கற்பித்து, மருத்துவ உளவியலாளரை மேற்பார்வைக்கும் கடுமையான மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை உள்ளவர்களுக்கும் ஒதுக்கிவைப்பது நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

சிகிச்சையின் இறுதி அமர்வுகள் பின்னடைவுக்கான திட்டத்துக்கு உரியவை. சூலை, ஆகஸ்டு மாதங்களில் நகரத் தெருக்களில் முழங்காலளவு நீர் நிற்கும்போது வெளியே நடக்க முடியாது. இரண்டு வாரம் நடைபயிற்சி நின்றால் தசை சற்றுத் தளரும், வலி திரும்பும். அப்படி நேரும்போது எல்லாம் பாழாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, வீட்டுக்குள் செய்யக்கூடிய பயிற்சிகள் எவை, நின்றுபோன இடத்திலிருந்து எத்தனை நிமிடம் குறைத்து மீண்டும் தொடங்க வேண்டும், ஆயாவும் மகனும் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும், எந்த அறிகுறி கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பவற்றை நோயாளியே ஒரு தாளில் நிரப்புகிறார். சந்திப்புகள் வாரத்துக்கு ஒன்று என்பதிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்து, பிறகு ஒரு தொலைபேசி அழைப்பாகச் சுருங்குகின்றன. அந்த அழைப்பில் சிகிச்சையாளர் வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பதில்லை, இந்த வாரம் எங்கெல்லாம் போய்வந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்.